இரண்டு காதும் ஏழு வாயும்
வீட்டு ஆம்ப்ளிஃபையரின் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'படமும் பாக்கணும், பாட்டும் கேக்கணும், கையில காசும் கம்மி. எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?' சிறிய திரையிடல் குழுக்கள், வாசகர் வட்டங்கள், வாடகை அறையில் நாலு பேராகச் சேர்ந்து வாழ்கிற நண்பர்கள் எனப் பலருக்கும் எழுகிற கேள்வி இது. கடைக்காரரின் பதில் எண்களால் ஆனது. 5.1, 7.1, சேனலுக்கு 100 வாட், மொத்தம் 700 வாட். விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த நண்பரின் பதில் வேறு: 'பாட்டுக்குன்னா ஸ்டீரியோதான். ஹோம் தியேட்டர் பெட்டியில பாட்டு கேக்கிறதுக்குச் சும்மா இருக்கலாம்.'

இரண்டு பதில்களுக்கும் பின்னால் இரண்டு வரலாற்றுக் கதைகள் இருக்கின்றன. முதலாவது முன்னேற்றத்தின் கதை. முதலில் மோனோ இருந்தது, பிறகு ஸ்டீரியோ வந்தது, அதற்கும் மேலே 5.1 வந்தது, இனி இன்னும் வரும். வாய்களின் எண்ணிக்கை கூடக்கூட நாம் உண்மைக்கு நெருங்குகிறோம். இரண்டாவது வீழ்ச்சியின் கதை. இரண்டு சேனல் என்பது இரண்டு காதுள்ள மனிதனுக்கு இயற்கை வகுத்த எண். சினிமா வந்து அதைக் கெடுத்தது. ஒன்று சந்தையின் கதையாடல், இன்னொன்று ரசிகமேட்டிமையின் கதையாடல். இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. சேனல் என்பதையும் வாட் என்பதையும் மனிதர்கள் சண்டையிட்டு, சமரசம் செய்து, சில சமயம் பொய் சொல்லி உண்டாக்கிய எண்களாகப் பார்க்காமல் இயற்கைப் பொருள்களாகப் பார்க்கின்றன. எந்தப் பெட்டியை வாங்குவது என்ற எளிய கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமானால் இந்த எண்களின் வரலாற்றுக்குள் போய்த்தான் வரவேண்டும்.

2

ஆம்ப்ளிஃபையர் இசைக்காகப் பிறந்த கருவி அல்ல. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் செய்த 'ஆடியான்' என்னும் வெற்றிடக் குழாயைப் பெருக்கும் கருவியாக வளர்த்தெடுத்தது தொலைபேசி முதலாளிகளின் தேவை. கம்பி நீள நீளக் குரல் மெலியும். மெலிந்த குரலுக்குக் காசு வசூலிக்க முடியாது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1913இல் ஆடியானின் உரிமையை வாங்கியது. 1915இல் நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் பேசிக்கொண்டன. அதாவது பெருக்கியின் முதல் வேலை தூரத்தை விற்பது.

இரண்டாவது வேலை கூட்டத்தை ஆள்வது. 1919 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியேகோ மைதானத்தில் சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு கேட்டுப் பேசினார். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவர் பேசியதை ஏறத்தாழ 50,000 பேர் கேட்டார்கள். மனிதத் தொண்டைக்குச் சாத்தியமில்லாத ஒரு கூட்டம் அன்றைக்குச் சாத்தியமானது. பேசுபவர் ஒருவர், கேட்பவர் பல்லாயிரம் என்ற இந்த ஏற்பாட்டுக்குள் வேறொன்றும் ஒளிந்திருந்தது. பதில் பேசுபவனிடம் மைக் இல்லை.

'மலிவு' என்ற சொல்லும் அப்பாவியான சொல் அல்ல. 1933 ஆகஸ்டில் ஜெர்மனியில் நாஜி அரசு 'மக்கள் வானொலி'யைக் கொண்டுவந்தது. விலை 76 மார்க். சந்தையில் இருந்த மற்றப் பெட்டிகளைவிட மிகக் குறைவு. அதன் பெயரில் இருந்த 301 என்ற எண், ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறித்தது. உள்ளூர் நிலையத்தை நன்றாக எடுக்கும். தூரத்து நிலையங்களை எடுக்கும் திறன் குறைவு. ஏழை வீட்டுக்கும் ஒலி போய்ச் சேர்ந்தது, ஆனால் யாருடைய ஒலி என்பது பெட்டிக்குள்ளேயே முடிவாகியிருந்தது. மலிவான கருவி என்று யாராவது சொன்னால், எதைக் குறைத்து மலிவாக்கினார்கள் என்று கேட்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

நம் பக்கத்திலும் இந்த வரலாறு தனியாக நடந்திருக்கிறது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டுமென்றால் தொண்டையை உயர்ந்த கட்டையில் நிறுத்தியாக வேண்டும். 1930களில் கச்சேரி மேடைக்கு மைக் வந்த பிறகு குரல் தாழ்ந்தது. நுணுக்கம், முணுமுணுப்பு, தனக்குள் பாடிக்கொள்வது போன்ற பாவனை எல்லாம் சாத்தியமாயின. கர்நாடக இசைக் குரலின் 'இயல்பு' என்று இன்று நாம் நினைப்பதில் மைக்குக்கு உள்ள பங்கை அமாண்டா வைட்மன் 2006இல் வந்த தன் நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். அரசியல் மேடையில் அடுக்குமொழியும் அளவான இடைவெளியும் குழாய் ஸ்பீக்கரின் எதிரொலியோடு சேர்ந்தே வளர்ந்தன. கூட்டத்தின் கடைசியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும் சொல் தெளிவாகப் போய்ச்சேர வேண்டியிருந்தது.

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. கம்பத்தில் தொங்குகிற குழாயையும் கூம்பையும் 'ஒலிபெருக்கி' என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை; கொடுத்த மின்சாரத்தைக் காற்றசைவாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருக்குகிற வேலையைச் செய்வது மேஜைக்கடியில், ரேடியோ செட்டுக்காரரின் காலடியில் இருக்கும் பெட்டி. கண்ணுக்குத் தெரிகிற வாய்க்குப் பெயரும் தெரியாத பெட்டிக்கு உழைப்பும். இதை மனதில் வைத்துக்கொள்வோம். வாங்குகிற இடத்தில் இது உதவும்.

3

இப்போது 'இரண்டு' என்ற எண்ணுக்கு வருவோம். ஸ்டீரியோவின் தந்தை என்று சொல்லப்படுகிற ஆலன் ப்ளூம்லைன் லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். 1931 டிசம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும் கதை சுவையானது. மனைவியோடு படம் பார்க்கப் போன ப்ளூம்லைனுக்குத் திரையின் ஓரத்தில் நிற்கிற நடிகனின் குரல் வேறெங்கிருந்தோ வருவது உறுத்தியதாம். கதை எப்படியிருந்தாலும் அவருடைய விண்ணப்பம் பேசும்படத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது. 'இசைக்கான ஸ்டீரியோ, சினிமாவுக்கான சரவுண்ட்' என்று இன்றைக்குக் கோடு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்டீரியோவே சினிமாக் கொட்டகையை நினைத்துப் பிறந்ததுதான்.

அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில் பெல் ஆய்வகம் இரண்டில் நிற்கவில்லை. 1933 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலியைக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். இடது, நடு, வலது என்று மூன்று மைக், மூன்று ஸ்பீக்கர். வழக்கமாக அந்த இசைக்குழுவை நடத்தும் ஸ்டோகோவ்ஸ்கி அன்று வாஷிங்டனில் உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். இசையை நடத்துவது என்பதன் பொருளே மாறிப்போன இரவு அது. 1940இல் டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' பல சேனல் ஒலியோடு வந்தது. 1952இல் சினெராமா ஏழு தடங்களில் ஒலித்தது.

அப்படியானால் வீட்டுக்கு மட்டும் ஏன் இரண்டு? காரணம் காது அல்ல, தட்டு. 1957இல் வெஸ்ட்ரெக்ஸ் முறை நிலைபெற்றபோது இசைத்தட்டின் பள்ளத்துக்கு இருந்தவை இரண்டு சுவர்கள். ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. மூன்றாவது சேனலை எழுத மூன்றாவது சுவர் இல்லை. ஸ்டீரியோப் பண்பலை வானொலி, கேசட், 1982இல் சந்தைக்கு வந்த சி.டி. என்று பின்னால் வந்ததெல்லாம் இந்த இரண்டையே சுவீகரித்துக்கொண்டன. பொருளியல் வரம்பு ஒன்று, காலப்போக்கில் அழகியல் விதியாக உடை மாற்றிக்கொண்டது.

1970களின் தொடக்கத்தில் கம்பெனிகள் நான்கு சேனலை விற்கப் பார்த்தன. சி.பி.எஸ்., சான்சுயி, ஜே.வி.சி. ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாத முறைகளைக் கொண்டுவந்தன. ஒரு கம்பெனியின் தட்டு இன்னொன்றின் பெட்டியில் சரியாகப் பேசாது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மக்கள் அதைக் கைவிட்டார்கள். ஆனால் நான்கை இரண்டுக்குள் மடித்து வைக்கும் அந்த வித்தை சாகவில்லை. டால்பி அதைப் படச்சுருளுக்குக் கொண்டுபோனது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' ஓடிய கொட்டகைகளில் ஒலித்த நான்கு சேனலும் இரண்டு தடத்துக்குள் மடிக்கப்பட்டவைதாம். அந்த மடிப்பை வீட்டில் பிரிக்கும் பெட்டி 1982இல் வந்தது; 1987இல் 'ப்ரோ லாஜிக்' வந்தது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலுடனும் 1993இல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். உடனும் வந்தன. 1996 இறுதியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் டி.வி.டி. விற்பனைக்கு வந்ததும் 5.1 வீட்டுக்கூடத்துக்குள் நுழைந்தது. தமிழில் 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியுடன் வெளியானதை நினைவில் கொள்ளலாம்.

ஆக, ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் என்பது இசைக் கருவியைக் கெடுத்துச் செய்த சினிமாக் கருவி அல்ல. கொட்டகையில் தோன்றிய ஒன்று தட்டின் பள்ளத்துக்குள் கொஞ்ச காலம் சுருங்கிக் கிடந்துவிட்டு, மறுபடி விரிந்த கதை அது. சிக்கல் சேனலில் இல்லை. சேனலை விற்ற விதத்தில் இருக்கிறது.

4

அதற்கு முன் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. மறுமலர்ச்சிக் கால ஓவியத்தின் தொலைநோக்கு முறை பார்ப்பவனை ஒரே புள்ளியில் நிறுத்தி, உலகமே அவனுக்காக விரிவதுபோல் காட்டியது. ஸ்டீரியோ காதுக்கு அதையே செய்தது. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவனும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். பாடுபவர் நடுவில் நிற்பதுபோல் தோன்றும் மாயம் அந்த ஒரே நாற்காலிக்குத்தான். இரண்டடி நகர்ந்தால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சரவுண்ட் ஒலி எல்லாரையும் சூழ்வதாகச் சொல்லிக்கொண்டாலும் அதன் அளவுமானியும் ஒரு 'முதன்மை இருக்கை'யிலிருந்தே தொடங்குகிறது. கேட்கும் தன்னிலை ஒன்று, மற்றவரெல்லாம் ஓரம்.

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? 1948க்கும் 1959க்கும் இடையே அமெரிக்க ஹை-ஃபை இதழ்களை ஆராய்ந்த கீர் கீட்லி 1996இல் எழுதிய கட்டுரையில், உரத்த ஒலி என்பது வீட்டுக்குள் ஆண் தனக்கென்று வேலிபோட்டுக்கொண்ட இடமாக இருந்ததைக் காட்டுகிறார். 'கொஞ்சம் குறைங்க' என்று சொல்கிற மனைவி அந்தப் பக்கங்களில் கேலிப் பாத்திரம். நம் வீடுகளுக்கு இதைப் பெயர்த்துப் பாருங்கள். கூடத்தில் 5.1, ரிமோட் யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்படியில் நிற்கிறவருக்குச் சுவரைத் தாண்டி வந்துசேர்வது எத்தனை சேனலாக இருந்தாலும் மோனோதான், அதிலும் பாதி சப்வூஃபரின் திம்திம்.

இன்னொன்று. நாம் கேட்கிற பாட்டு எத்தனை சேனலில் பதிவானது? 1978இல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதற்கு முந்தைய தமிழ்த் திரைப்பாடல்கள் ஏறத்தாழ எல்லாமே மோனோ. விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டை ஏழு ஸ்பீக்கரில் கேட்பதால் புதிதாக எதுவும் வெளிவரப்போவதில்லை. அதில் இருப்பது ஒரே தடம். பெட்டி என்ன செய்கிறது? அந்த ஒன்றைக் கலக்கி, தாமதப்படுத்தி, எதிரொலி சேர்த்து ஏழு பக்கமும் தெளிக்கிறது. 1986இல் யமஹா நிறுவனம் அரங்குகளில் அளந்தெடுத்த எதிரொலியை வீட்டில் மறு உருவாக்கம் செய்யும் டி.எஸ்.பி.-1 என்ற கருவியைக் கொண்டுவந்தது. பொறியியலாகப் பார்த்தால் அது பெரிய சாதனை. மலிவுப் பெட்டிகளுக்கு அது இறங்கி வந்தபோது 'ஹால்', 'ஸ்டேடியம்', 'சர்ச்' என்ற பொத்தான்களாகச் சுருங்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருக்கிறவனுக்கு ஸ்டேடியத்தை விற்பது: இடமில்லாதவனுக்கு இடத்தின் பிம்பத்தை விற்பது. 1938லேயே அடோர்னோ பேசிய 'கேட்டலின் பின்னடைவு' இதுதானா என்று விவாதிக்கலாம். எனக்கு அவருடைய அவநம்பிக்கை முழுவதும் உடன்பாடில்லை. பொத்தானை அணைத்துவிட்டுக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

5

இனி வாட். சந்தை நம்மை மடக்குகிற இடம் இதுதான்.

1927 ஆகஸ்டில் பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், படகில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு யோசனையைச் செய்தித்தாளின் பக்கத்திலேயே குறித்துவைத்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பினால், பெருக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். பெருக்கத்தில் கொஞ்சம் இழக்க வேண்டும். பதிலுக்கு உண்மை கிடைக்கும். காப்புரிமை அலுவலகம் நம்ப மறுத்து இழுத்தடித்து 1937இல்தான் ஒப்புக்கொண்டது. இன்றைய பெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கொள்கையில் நடக்கின்றன. 1947இல் டி.டி.என். வில்லியம்சன் இதைக் கொண்டு வடிவமைத்த வால்வு ஆம்ப்ளிஃபையரின் முழுச் சுற்றுப்படத்தையும் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டார். படித்த யாரும் செய்துகொள்ளலாம். உலகமெங்கும் மக்கள் வீட்டில் செய்துகொண்டார்கள். அதன் திறன் சுமார் 15 வாட். அன்றைக்கு அது உயர்தரம்.

பதினைந்து எப்படி எழுநூறு ஆயிற்று? 1960களில் டிரான்ஸிஸ்டர் வந்து போட்டி மூண்டபோது அமெரிக்கக் கம்பெனிகள் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஆளுக்கொரு அளவுகோலை எடுத்தன. ஒரே பெட்டி ஒரு விளம்பரத்தில் 20 வாட், இன்னொரு விளம்பரத்தில் 80 வாட். இந்தக் கூத்து முற்றிப்போய் 1974இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதி போட்டது. தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடிய திறனையே சொல்ல வேண்டும். எந்த ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு என்பதையும் சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன் பெட்டியை மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். கம்பெனிகள் அலறின. 2000இல் அந்த மூன்றில் ஒன்று எட்டில் ஒன்றாகத் தளர்த்தப்பட்டது.

வாட் என்பது இயற்பியல் அலகுதான். ஆனால் 'இந்தப் பெட்டி 100 வாட்' என்பது இயற்பியல் வாக்கியம் அல்ல. நிபந்தனைகளைப் பற்றிய ஒப்பந்தம். நிபந்தனையை மறைத்தால் எண் பொய்யாகிறது, ஒரு இலக்கத்தைக்கூட மாற்றாமலே. ஹோம் தியேட்டர் பெட்டிகள் இந்த ஓட்டையில்தான் வளர்ந்தன. 1974இன் விதி ஸ்டீரியோவை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஏழு சேனலில் எத்தனையை ஒரே நேரத்தில் ஓட்டி அளக்க வேண்டும் என்பதில் குழப்பம் நீடித்தது. எனவே அட்டைப்பெட்டியில் 'சேனலுக்கு 100' என்று பெரிதாகவும், '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும், 10% திரிபு' என்று பொடியாகவும் அச்சாயிற்று. அதாவது மற்ற ஆறு வாய்களையும் மூடி, ஒரே ஒரு சுருதியை மட்டும், பத்தில் ஒரு பங்கு சிதைவோடு கத்தவைத்து எடுத்த எண். பிறகு அதை ஏழால் பெருக்கினார்கள். நம் ஊர்க் கேசட் பிளேயர்களில் ஒட்டியிருந்த 'பி.எம்.பி.ஓ.' இன்னும் மோசம். அதற்கென்று ஏற்கப்பட்ட தரவரையறையே கிடையாது. கைக்கடக்கமான பெட்டியில் 1000 வாட் என்ற ஸ்டிக்கரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். 2024இல்தான் ஆணையம் விதியைத் திருத்தி, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று சோதனை நிபந்தனைகளை நிலைப்படுத்தியது. அதுவும் அமெரிக்கச் சந்தைக்கு.

சாதாரணக் கணக்கு ஒன்று போடுவோம். வழக்கமான 'பி' வகைச் சுற்று கோட்பாட்டளவில்கூட எடுத்த மின்சாரத்தில் 78.5% வரைதான் ஒலித்திறனாகத் தரும். 700 வாட் தொடர்ச்சியாக வெளியே வர 900 வாட்டுக்குப் பக்கத்தில் உள்ளே போக வேண்டும். பெட்டியின் பின்பக்கம் திருப்பினால் மின்நுகர்வு 400 வாட் என்றோ அதற்கும் கீழோ எழுதியிருக்கும். அந்த எண்ணும் தனக்கான நிபந்தனையில் அளந்ததுதான், கணநேரத்துக்குக் கூடுதலாகத் தர முடியும் என்பதும் உண்மை. ஆனால் முன்பக்கம் பேசுவதைப் பின்பக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். பண்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அதன் குணமாகவே நாம் வழிபடுவதும், அதைச் சுமக்கிற இரும்பையும் செம்பையும் மறந்துபோவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். மார்க்ஸ் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6

காது வேறு கணக்கு வைத்திருக்கிறது. திறன் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல் ஏறும். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குப் பட ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். 20 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் 7 டெசிபல், அவ்வளவே. சிறிய அறையில் சாதாரண ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போது சராசரியாகச் செலவாவது ஓரிரு வாட். தவில் அடி, மிருதங்கத்தின் தொப்பி, ஆர்க்கெஸ்ட்ராவின் எழுச்சி ஆகியவற்றுக்குப் பத்துப் பங்கு இருப்பு இருந்தால் போதும். நேர்மையான 20, 30 வாட் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

இதைச் சந்தையிலேயே நிரூபித்த பெட்டி ஒன்று உண்டு. 1978இல் வந்த நாட் 3020. வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன், தைவானில் தயாரானது. சேனலுக்கு 20 வாட் என்றுதான் எழுதியிருந்தார்கள். முகப்பில் மினுக்கு எதுவும் கிடையாது. காசு முழுவதும் உள்ளே, கடினமான ஸ்பீக்கரையும் தாங்குகிற இருப்பாகப் போயிருந்தது. பெரிய எண் எழுதிய பெட்டிகளைவிட அது நன்றாக ஓடியது. விற்பனையிலும் சாதனை படைத்தது. மறுபக்கத்தில், 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் மலிவான ரிசீவரிலிருந்து பல ஆயிரம் டாலர் பெறுமானமுள்ள ஆம்ப்ளிஃபையர் வரை வைத்துக் கண்மறைவுச் சோதனை நடத்தியது. எது எதுவென்று தெரியாமல் கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இது ரசிகமேட்டிமைக்கு விழுந்த அடி. பெட்டியைத் தன் எல்லைக்குள் ஓட்டினால் நல்லதும் மலிவானதும் நெருங்கிவிடுகின்றன. எல்லையை மீறி ஓட்டினால்தான் பிரிகின்றன. எனவே கேள்வி எல்லை எங்கே என்பதுதான், அதைத்தான் வாட் பொய் மறைக்கிறது.

வில்லியம்சனின் பொதுச்சொத்து நம்மிடம் ரிச்சி தெருவில் வாழ்ந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் 2என்3055 டிரான்ஸிஸ்டரும் பிறகு டி.டி.ஏ., எஸ்.டி.கே. வகை ஐ.சி.க்களும் வாங்கிப்போய், ஊர் ஊராக மெக்கானிக்குகள் அசெம்பிள் செய்த பெட்டிகள்தாம் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் பாடின. பொறியியல் பட்டம் இல்லாத கைகள் செய்த பொறியியல் அது. எந்த வரலாற்று நூலிலும் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் இதையும் புனிதப்படுத்த வேண்டாம். '5.1' என்று முகப்பு வெட்டி, உள்ளே ஸ்டீரியோவையே ஆறாகப் பிரித்துக் கொடுத்த பெட்டிகளும் அங்கிருந்துதான் வந்தன. செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், எர்த் இல்லாத தகரப் பெட்டி, இவையும் உண்டு. உழைப்பாளியிடமும் கேள்வி கேட்கலாம். 'அண்ணே, காப்பரா அலுமினியமா?' என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை.

7

இதிலிருந்து வாங்குவதற்கு என்ன தெரிகிறது?

முதலில் பணத்தின் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஒரு வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாகப் பேசுகிற ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரின் திறனை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். ஐந்து மட்டமான ஸ்பீக்கரைவிட இரண்டு உருப்படியான ஸ்பீக்கர் பாட்டுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. ஹோம் தியேட்டர் பெட்டியில் 'நடு ஸ்பீக்கர் இல்லை' என்று அமைத்துவிட்டால் வசனம் இடது வலதுக்குப் பகிர்ந்து நடுவில் தானாகத் தோன்றும். அந்த நாற்காலிக்காரருக்கு மட்டுந்தான். திரையிடலுக்கு இருபது பேர் வருவார்களானால் நடு ஸ்பீக்கர் ஒன்று சேர்ப்பது ஜனநாயகம்.

இரண்டாவது, அட்டைப்பெட்டியை அல்ல, கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். '8 ஓம், 20–20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனலும் ஒரே நேரத்தில், 0.1%க்கும் குறைவான திரிபு' என்ற வகை வரி இருக்கிறதா பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் எண்தான் உண்மையான எண். 100 என்றது அங்கே 50 ஆகியிருக்கலாம். 50 தாராளம். வழக்கமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டியானால் தூக்கிப் பாருங்கள். எடை அங்கே பொய் சொல்லாது. டி-வகுப்புப் பெட்டிகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அவை குறைந்த எடையில், குறைந்த விரயத்தில் இயங்குபவை, கைப்பிடிக்குள் அடங்கும் மலிவான ஸ்டீரியோப் பெட்டிகளை இன்று சாத்தியமாக்கியிருப்பவை அவைதாம். அவற்றுக்குக் கூடவரும் அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள்; அதற்குமேல் தொடர்ந்து தர அந்தப் பெட்டியால் முடியாது.

மூன்றாவது, பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். ஹோம் தியேட்டர் பெட்டி காலாவதியாவது பெருக்குகிற பகுதியால் அல்ல, எச்.டி.எம்.ஐ. போன்ற படப் பகுதியால். புதுப் பதிப்பு வந்ததும் போன தலைமுறையின் நல்ல, கனமான பெட்டி பாதி விலைக்கும் கீழே இறங்கிவிடும். பாட்டுக்காரனுக்கு அந்தக் காலாவதியால் நஷ்டமில்லை. டி.வி.யிலிருந்து ஆப்டிகல் கம்பியில் ஒலியை எடுத்துக்கொண்டால் படத்துக்கும் போதும். வாங்கும்முன் எல்லா சேனலையும் ஓட்டிப் பாருங்கள். குமிழ் கரகரக்கிறதா, அரைமணி நேரத்தில் மேல்மூடி தொடமுடியாதபடி சுடுகிறதா என்று பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருக்கிறவர்கள் மலிவுப் பெட்டியிடம் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

நான்காவது, பாட்டு கேட்கும்போது 'டைரக்ட்' அல்லது 'ஸ்டீரியோ' பொத்தானை அழுத்துங்கள். ஸ்டேடியம் போய்விடும், பாடகர் திரும்பி வருவார். அறையின் குறையை மைக் வைத்து அளந்து திருத்தும் வசதி இருந்தால் அதை மட்டும் முயன்று பாருங்கள். நல்ல ஸ்டீரியோப் பெட்டிகள் பலவற்றில் இல்லாத உண்மையான ஆதாயம் அது. சப்வூஃபரை அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டு அமையுங்கள். சுவர் பொது.

இரண்டுக்கும் ஒரே பெட்டி போதுமா என்றால், போதும். குழுவாகப் படம் திரையிடுகிறவர்கள் பழைய, எடையுள்ள ஹோம் தியேட்டர் பெட்டியை எடுக்கலாம். பெரும்பாலும் பாட்டுதான் என்பவர்கள் எளிய ஸ்டீரியோவை எடுக்கலாம்.

கடையில் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்: 'இந்த நூறு வாட்டை எப்படி அளந்தாங்க?' பதில் வராமல் போகலாம். ஆனாலும் கேட்டுப் பழக வேண்டிய கேள்வி அது. வளர்ச்சி விகிதம், வறுமைக்கோடு, வேலைவாய்ப்பு என்று தினமும் நம்மேல் எறியப்படும் எண்களிடமும் கேட்க வேண்டியது இதைத்தான். யார் அளந்தது, எந்த நிபந்தனையில், எந்தெந்த வாய்களை மூடி வைத்துவிட்டு?